கிருமியிலும் நண்பர் உண்டோ?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கெடிலமும் கொள்ளிடமும் பெருகி ஓடும்போது, கடலூரிலும் சிதம்பரத்திலும் தாய்மார்களுக்குக் கவலை பிறந்துவிடும். குடிநீர் கெட்டால் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும் அல்லவா? அவ்வேளையில் மருந்துக்கடையில் 'புரோபயாடிக்' பொட்டலம் கேட்போர் பலர். அதை மட்டும் நம்பியிருக்கலாமா என்று பார்ப்போம்.

கிருமி என்றாலே தீமை என்று நினைக்கிறோம். ஆனால் நம் குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களில் பல நமக்கு நன்மையே செய்கின்றன. நோய்க்கிருமிகள் குடியேற இடங்கொடாமல் தடுக்கின்றன. பாலைத் தயிராக்குபவையும் இவற்றின் உறவினரே. இத்தகைய நல்ல நுண்ணுயிர்களை உயிருடன் பொட்டலத்தில் அடைத்துத் தருவதே புரோபயாடிக் ஆகும்.

கல்கத்தாவில் 3,758 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. 12 வாரம் தினமும் இத்தகைய பானம் அருந்திய குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு 14 சதவீதம் குறைந்தது. ஆனால் இது வருமுன் காத்தல். நோய் வந்தபின் கொடுத்தால் என்ன ஆகும்? 2018இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இரு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. புரோபயாடிக் உண்ட குழந்தைகளும் வெறும் பொடி உண்ட குழந்தைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்தனர்!

அப்படியானால் உயிரைக் காப்பது எது? 1971இல் வங்கதேசப் போரின்போது, பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை மாண்ட நிலை மாறி, இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. குடல் நோயுற்றிருந்தாலும் சர்க்கரையுடன் சேர்ந்த உப்பையும் நீரையும் அது உறிஞ்சிக்கொள்ளும் என்பதே இதன் இரகசியம்.

அதுவே இன்றைய ஓ.ஆர்.எஸ். பொடி. உறையில் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிட வேண்டும். மருத்துவர் சொற்படி துத்தநாக மருந்தும் 10 முதல் 14 நாட்கள் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, குழந்தை சோர்ந்து துவண்டாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

"தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று எங்கள் வீட்டுப் பாட்டிமார் தடுப்பதைக் கேட்டிருக்கிறோம். அன்பினால் சொல்கிறார்கள், ஆயினும் அது ஆபத்து. அவர்களுக்குப் பணிவுடன் எடுத்துரைப்பது மாணவியராகிய நம் கடமை. நண்பராம் நுண்ணுயிர் துணைக்கு வரட்டும். முதலில் நீரைக் கொடுத்து, இறைவன் தந்த மழலைச் செல்வங்களைக் காப்போமாக!