பொம்மை டாங்கிக்குத் தழைப் போர்வை

சரித்திரப் போர்களை மேஜைமீது சிறு பொம்மைகளைக் கொண்டு ஆடிப் பார்ப்பது சுவையான பொழுதுபோக்கு. உதாரணமாக 1944-ஆம் ஆண்டின் நார்மண்டிப் போரை எடுத்துக்கொள்வோம். அந்தக் கோடையில் பிரான்சின் வானம் நேச நாட்டு விமானங்களின் கையில் இருந்தது. பகலில் சாலையில் தென்பட்ட ஜெர்மானிய டாங்கிக்கு ஆபத்து வானிலிருந்துதான். எனவே வீரர்கள் வேலியோரக் கிளைகளை வெட்டி டாங்கியை மூடினார்கள். தழை வெறும் அலங்காரமல்ல, உயிர்க் காப்பு.

72-இல் ஒரு பங்கு அளவில் செய்த பாந்தர் டாங்கி, பீரங்கிக் குழல் உட்பட சுமார் 12 செ.மீ. இருக்கும். வண்ணம் பூசி நன்கு உலர்ந்தபின் தொடங்குங்கள். தென்னை நாரை ஒரு செ.மீ. துண்டுகளாக நறுக்கி, நாலைந்தாகச் சேர்த்து ஒட்டினால் கிளைகள். தேநீர் வடிகட்டிய சக்கையைக் கழுவி, வெயிலில் காயவையுங்கள். கிளைகளில் ஃபெவிக்கால் தடவி அதைத் தூவினால் இலைகள். உலர்ந்ததும் பச்சை வண்ணம் தொட்டு வையுங்கள். வெட்டிய தழை சீக்கிரம் வாடிவிடுமல்லவா? ஆகவே சிலவற்றைப் பழுப்பாகவே விடலாம்.

எங்கே ஒட்டுவது? மேல்தளத்திலும் விளிம்புகளிலும். விமானிக்குப் பெட்டி போன்ற வடிவம் தெரியக்கூடாது. ஆனால் ஓட்டுநர் பார்க்கும் துவாரம், குறிபார்க்கும் துவாரம், சக்கரச் சங்கிலி, பின்புறத்து எஞ்சின் காற்றுவழி, பீரங்கிப் பகுதி சுழலும் இடுக்கு ஆகியவற்றை மூடாதீர்கள்.

வெளியே இருப்பவன் கண்ணுக்கு மறைய வேண்டும். உள்ளே இருப்பவன் கண்ணை மறைக்கக்கூடாது. பிள்ளைகளோடு சேர்ந்து ஒட்டும்போது இந்தக் காரணத்தையும் சொல்லிக் கொடுங்கள்.