கைப்பேசிக்குள் ஒரு கள்ளுக்கடை



இடுப்பு வலி, இனிப்புநீர், இரத்த அழுத்தம் என்று எழுதினால் இந்தப் பக்கத்தை வீட்டில் உரக்கப் படிப்பீர்கள். இன்றைய விஷயத்தை மெதுவாகத்தான் படிப்பீர்கள். ஆபாசப் படம் பார்க்கும் பழக்கத்தை விட நினைத்தும் விட முடியாமல் தவிப்பவர்களைப் பற்றிய விஷயம் இது. “சீச்சீ, இதையெல்லாமா சங்கப் பத்திரிகையில எழுதுறது?” என்று சிலர் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். மூடி வைத்த புண்தான் சீழ் பிடிக்கும்.

நம் மக்களுக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. ஒரு காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. உழைத்த அலுப்புக்கு ஒரு கோப்பை என்று தொடங்கியது, பல குடும்பங்களில் சம்பளத்தையும் சோற்றையும் தின்று தீர்த்தது. அப்போது குடிகாரனை மட்டும் திட்டிப் பயனில்லை, கடை ஏன் லயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டவர்கள்தான் சரியாகக் கேட்டார்கள். பிறகு எண்பதுகளில் வீடியோ டேப் வந்தது. அதற்கும் டிவி, டெக், ஆளில்லாத வீடு என்று மூன்றும் ஒன்றுகூட வேண்டியிருந்தது. இன்று அதெல்லாம் தேவையில்லை. கள்ளுக்கடைக்காவது மூடும் நேரம் இருந்தது. சட்டைப் பையில் இருக்கிற இந்தக் கடைக்கு மூடும் நேரமே கிடையாது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குனோங் ராபாட் போன்ற இடங்களுக்குக் குடிவந்த குடும்பங்களில் ஒருவர் பகல் ஷிப்ட், ஒருவர் இரவு ஷிப்ட். லயத்தில் வாசலுக்கு வந்தால் பேச நாலு பேர் இருந்தார்கள். தாமான் வீட்டில் கதவைச் சாத்தினால் துணைக்குக் கைப்பேசிதான். தனிமை, அலுப்பு, தூக்கமின்மை ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் இந்தப் பழக்கம் வேர் விடுகிறது.

எது நோய், எது நோயில்லை?

எப்போதாவது பார்த்துவிட்ட எல்லாரும் நோயாளிகள் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப்பட்டியலின் 11-ஆவது பதிப்பில், ‘கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தைக் கோளாறு’ என்ற ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆபாசப் படத்தை விட முடியாத நிலையும் இதற்குள் வரலாம்.

ஆறு மாதமோ அதற்கு மேலோ தூண்டுதலை அடக்க முடியாமல் இருப்பது, வேலை, குடும்பம், உடம்பு ஆகியவற்றைக் கவனிக்காமல் அதிலேயே கிடப்பது, பலமுறை விட முயன்றும் தோற்பது, பெரிதாக இன்பம் இல்லாதபோதும் தொடர்வது, அதனால் வாழ்க்கை பாதிக்கப்படுவது ஆகியவை இதன் அடையாளங்கள்.

அதே பட்டியல் இன்னொன்றையும் சொல்கிறது: “நான் பாவம் செய்துவிட்டேன்” என்ற குற்ற உணர்வு மட்டும் இருந்தால் அது நோயாகாது. அதனால் உங்களையே நாலு கேள்வி கேளுங்கள். இதனால் தூக்கம் கெட்டு, காலை வேலைக்குப் போகாமல் இருந்தேனா? மனைவி மக்களோடு இருக்க வேண்டிய நேரத்தில் ஒளிந்துகொண்டேனா? டேட்டாவுக்கும் பணம் கட்டும் தளங்களுக்கும் குடும்பக் காசு போகிறதா? நிறுத்துவேன் என்று சொல்லிச் சொல்லி நிறுத்த முடியவில்லையா? ‘ஆமாம்’ என்ற பதில் கூடினால் உதவி தேடுங்கள்.

மூளையில் நடப்பது என்ன?

1990-களில் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானி, குரங்குகளுக்குப் பழரசம் கொடுத்து மூளையைச் சோதித்தார். முதலில் பழரசம் வாயில் விழும்போது ‘டோபமின்’ என்ற பொருளைச் சுரக்கும் நரம்புகள் துடித்தன. ஒரு விளக்கு எரிந்த பிறகே பழரசம் வரும் என்று குரங்கு பழகியதும், பழரசத்துக்கு அல்ல, விளக்குக்கே நரம்புகள் துடித்தன. நமக்கும் அதுதான். படம் ஓடும் முன்பே ஆசை எழும்பிவிடும். கதவைச் சாத்தியது, படுக்கையில் சாய்ந்தது, கைப்பேசி கைக்கு வந்தது, இவைதான் விளக்கு. “எனக்கு நினைப்பே இல்லைங்க, கை தானா போயிடுச்சு” என்று சொல்வதில் உண்மை இருக்கிறது.

இன்னொன்றைப் பால் வெட்டியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிகப் பால் வேண்டுமென்று ஓய்வில்லாமல் மரத்தை வெட்டினால், ஒரு கட்டத்தில் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். கத்தியை இன்னும் ஆழமாக இறக்கினால் மரத்துக்குக் காயம்தான் மிச்சம். ஓய்வு கொடுக்க வேண்டும். இந்தப் பழக்கத்திலும் சிலருக்கு நேற்றுப் பார்த்தது இன்று போதாது. இன்னும் புதிது, இன்னும் கடுமையானது என்று தேடுவார்கள். பக்கத்தில் இருக்கும் மனைவி மேல் நாட்டம் குறையும். இதற்கும் ஓய்வுதான் மருந்து.

பயமுறுத்திக் காசு பறிப்பவர்கள்

“விந்து போனால் உடம்பு போச்சு, நரம்பு தளர்ந்து போச்சு” என்று பயமுறுத்தி லேகியம் விற்பவர்கள் நம்மவர்களிடையே ரொம்ப காலமாக உண்டு. பத்திரிகையில் விளம்பரம், லாட்ஜில் அறை, கையில் மருந்து டப்பா. இந்தப் பயத்தையே ஒரு மனநலப் பிரச்சினையாகப் பார்த்து, இந்திய மனநல மருத்துவர் என். என். விக் 1960-ல் ‘தாது நோய்க்குறி’ என்று பெயரிட்டார். விந்து வெளியேறுவதால் இரத்தம் சுண்டாது, எலும்பு உருகாது. அந்தப் பயத்தால் உண்டாகும் சோர்வுதான் ஆளைக் கொல்கிறது.

ஆண்மைக் குறைவு தெரிந்தால், “எல்லாம் அந்தப் படத்தாலதான்” என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் அதற்குப் பெரிய காரணங்கள். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

வெளியே வரும் வழி

1. கைப்பேசியைப் படுக்கை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். இரவில் கூடத்தில் சார்ஜ் போடுங்கள். எழுப்ப ஒரு மணிக்கடிகாரம் வாங்குங்கள். விளக்கு எரியாவிட்டால் குரங்கு துடிக்காது.

2. ஆபாசத் தளங்களைத் தடுக்கும் வசதியைப் போட்டு, அதன் இரகசிய எண்ணை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். அப்படிப்பட்ட படம் வரும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்றே விலகுங்கள்.

3. ஒரு சின்ன நோட்டில், எந்த நேரத்தில், எந்த மனநிலையில் ஆசை வந்தது என்று இரண்டு வாரம் குறியுங்கள். மண்டோர் திட்டிய நாளா, கடன்காரன் வந்த நாளா, சும்மா இருந்த மத்தியானமா? காரணம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

4. ஆசை அலை மாதிரி, ஏறும், இறங்கும். அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அதற்குப் பணியவும் வேண்டாம். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அதுவரை எழுந்து வெளியே போங்கள், குளியுங்கள், யாருக்காவது போன் போடுங்கள்.

5. விட்ட நேரத்தை வேறொன்றால் நிரப்புங்கள். கெக் லோக் தோங் குகைக்குப் பின்னால் குளத்தைச் சுற்றி நடக்கக் காசு தேவையில்லை. பந்து விளையாட்டு, கோயில் வேலை, சங்கக் கூட்டம் என்று நாலு பேர் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

6. ஒருநாள் தவறினால், “எல்லாம் போச்சு” என்று ஒரு வாரம் விழுந்து கிடக்காதீர்கள். எதனால் தவறினோம் என்று நோட்டில் எழுதி, மறுநாளே தொடருங்கள். “இத்தனை நாளில் குணமாகும்” என்று யாரும் கெடு வைக்க முடியாது.

இப்படித் தானாக விட முடியாதவர்களுக்குப் பேச்சு வழிச் சிகிச்சை இருக்கிறது. அமெரிக்காவில் 28 ஆண்களிடம் நடந்து 2016-ல் வெளிவந்த ஒரு சோதனையில், 12 முறை ஆலோசகரைச் சந்தித்தவர்களிடம் பார்க்கும் நேரம் பெருமளவு குறைந்தது. சிறிய சோதனைதான், ஆனாலும் வழி உண்டு என்று காட்டுகிறது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை, கைப்பேசி, இணையம் ஆகியவற்றுக்கு அடிமையானவர்களுக்கென்றே 2014-ல் தனிப் பிரிவு தொடங்கியது. இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. ஆனால் மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்திருந்தால் மருத்துவர் மருந்து கொடுப்பார்.

வீட்டிலுள்ளவர்களுக்கு

அம்மா, அக்கா, தங்கச்சிமாரே, கணவரிடம் இதைக் கண்டுபிடித்தால் நெஞ்சு எரியத்தான் செய்யும். “என் மேல என்ன குறை?” என்று உங்களைக் கேட்டுக்கொள்ளாதீர்கள். குறை உங்களிடம் இல்லை. ஊரைக் கூட்டிச் சத்தம் போட்டால் அவர் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்வார். கோபம் ஆறின பிறகு, “எனக்கு வலிக்குது, நாம ரெண்டு பேரும் கிளினிக் போவோம்” என்று சொல்லிப் பாருங்கள். ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு. படத்தில் உள்ளபடி நடக்கச் சொல்லி அவர் கட்டாயப்படுத்தினாலோ அடித்தாலோ அது கொடுமை. 15999 தாலியான் காசே எண்ணுக்கு அழையுங்கள்.

மகன் கையிலோ மகள் கையிலோ பார்த்தால் பெல்ட்டை எடுக்காதீர்கள். “அது நடிப்பு. உண்மையான குடும்ப வாழ்க்கை அப்படி இருக்காது. யாராவது அனுப்பினா என்கிட்ட சொல்லு, நான் அடிக்க மாட்டேன்” என்று சொல்லுங்கள். பயந்த பிள்ளை எதையும் சொல்லாது.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். குற்றவியல் சட்டம் 292-ஆவது பிரிவின்படி ஆபாசப் பொருளை வைத்திருப்பதற்கும் பரப்புவதற்கும் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. குழந்தைகள் சம்பந்தப்பட்ட படம் என்றால், 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை வைத்திருந்தாலே ஐந்து ஆண்டு வரை சிறையோ 10,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். “சும்மா ஃபார்வர்ட் பண்ணேன்” என்பது அங்கே எடுபடாது.

எங்கே போவது?

குனோங் ராபாட் அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். பொது நோயாளிப் பிரிவில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். வரிசையில் நின்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டாம். “தூக்கம் வரலை, மனசு சரியில்லை, டாக்டரிடம் தனியாப் பேசணும்” என்றால் போதும். தேவைப்பட்டால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கோ, உலு கிந்தா பஹாகியா மருத்துவமனைக்கோ கடிதம் கொடுப்பார்கள்.

பஹாகியா என்றதும் “தஞ்சோங் ரம்புத்தானா? எனக்கென்ன பைத்தியமா?” என்று துள்ளாதீர்கள். 1911-ல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் பெயரைக் கேலிப் பேச்சாக்கியது நாம்தான். தூக்கம் கெட்டவரும், குடியை விட வந்தவரும், மனம் உடைந்தவரும் அங்கே மருத்துவரைப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம்.

நேரில் போகக் கூச்சமாக இருந்தால், சுகாதார அமைச்சு 2022-ல் தொடங்கிய ஹீல் தொலைபேசிச் சேவை இருக்கிறது, எண் 15555.  உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். 999-க்கு அழையுங்கள், அல்லது யாரையாவது கூட்டிக்கொண்டு உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இந்தப் பத்திரிகையைப் படித்து முடித்ததும் மடித்து ஒளித்து வைக்காதீர்கள். மேசை மேலேயே கிடக்கட்டும். உங்கள் வீட்டில் கேட்க வாயில்லாமல் இருக்கும் ஒருவர் எடுத்துப் படிக்கக்கூடும்.