பெட்டியைத் திற... போனையும் திற!

கண்காணிப்பின் கதை – 17

சென்னையிலிருந்து அமெரிக்கா போகிறவருக்கு அமெரிக்க எல்லை எங்கே வரும்? நியூயார்க் என்பீர்கள். எதிஹாட் விமானத்தில் போய்வந்தவர்களைக் கேளுங்கள், அபுதாபி என்பார்கள். 2014 முதல் அபுதாபி விமான நிலையத்துக்குள்ளேயே அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்பு அதிகாரிகள் கவுன்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பாஸ்போர்ட், கைரேகை, கேள்வி பதில் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். நியூயார்க்கில் இறங்கியதும் உள்ளூர்ப் பயணி மாதிரி பெட்டியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். வசதிதான். கூடவே, “போனைக் கொடுங்கள், பாஸ்வேர்டு என்ன?” என்ற கேள்வியும் அங்கேயே வரலாம்.

போன வாரம் என்க்ரிப்ஷன் பற்றிப் பார்த்தோம். நாம் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியை நடுவழியில் யாரும் படிக்க முடியாது என்றோம். அந்தப் பூட்டு வழிக்குத்தான். திறந்த போனையே கையில் வாங்கிவிட்டவரிடம் அது செல்லாது.

இதே அமெரிக்காவில், ஊருக்குள் நிலைமை வேறு. ஒருவரைக் கைது செய்தால்கூட அவர் போனை நீதிமன்ற வாரன்ட் இல்லாமல் போலீஸ் துழாவக் கூடாது என்று 2014-ல் ரைலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில். பாக்கெட்டில் இருக்கும் பர்ஸைப் பார்க்கலாம் என்றால் போனையும் பார்க்கலாமே என்று அரசுத் தரப்பு வாதிட்டது. குதிரைச் சவாரியும் நிலாப் பயணமும் ஒன்றா என்கிற ரீதியில் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அதைத் தள்ளிவிட்டார்.

எல்லைக்கு வந்தால் அந்தத் தீர்ப்பு அப்படியே செல்லுபடியாவதில்லை. காரணம் ரொம்பப் பழையது. 1789 ஜூலையில் அமெரிக்காவின் முதல் காங்கிரஸ் ஒரு சுங்கச் சட்டம் போட்டது. வரி கட்டாத சரக்கு இருக்கிறதென்று சந்தேகப்பட்டால் வாரன்ட் இல்லாமலே அதிகாரிகள் கப்பலில் ஏறிச் சோதிக்கலாம். அதே காங்கிரஸ்தான் இரண்டே மாதத்தில், காரணமில்லாத சோதனையிலிருந்து குடிமக்களைக் காக்கும் நான்காவது அரசியல் சட்டத் திருத்தத்தையும் முன்மொழிந்தது. இரண்டையும் செய்தது ஒரே கைகள் என்பதால், எல்லைச் சோதனை அந்தத் திருத்தத்தின் வாரன்ட் விதிக்குள் வராது என்று நீதிமன்றங்கள் முடிவு கட்டின. 2004-ல், காரின் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றிப் பார்ப்பதற்குக்கூட சந்தேகம் எதுவும் தேவையில்லை என்றது உச்ச நீதிமன்றம். டேங்க்கைக் கழற்றலாம் என்றால் போனைக் கழற்றக் கூடாதா? வாதம் இப்படித்தான் வளர்ந்தது.

போன் சோதனைக்கான விதிகளைச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை 2018 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கையில் வகுத்தது. அதில் சோதனை இரண்டு வகை. முதல் வகையில் அதிகாரி கையாலேயே தள்ளித் தள்ளிப் பார்ப்பார்: கேலரி, மெசேஜ், கான்டாக்ட். இதற்கு எந்தச் சந்தேகமும் தேவையில்லை. இரண்டாவது வகையில் போனை ஒரு கருவியோடு இணைத்து உள்ளிருப்பதை நகலெடுப்பார்கள். இதற்கு நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் காரணமோ வேண்டும், மேலதிகாரி ஒப்புதலும் வேண்டும். இரண்டிலும் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, போனுக்குள் இருப்பதை மட்டுமே பார்க்க வேண்டும். கிளவுடில் இருப்பது வரம்புக்கு வெளியே. போனைப் பிடித்து வைத்தால் சாதாரணமாக 5 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. ஆனால் நீட்டிக்கலாம் என்று அடுத்த வரியே சொல்கிறது.

அப்படிப் போன் கையைவிட்டுப் போனால் எப்படி இருக்கும் என்று அலசாத் தம்பதிக்கு அந்தச் சுற்றறிக்கைக்கு முன்பே தெரியும். கணவர் லிமோசின் ஓட்டுநர், மனைவி நர்சிங் மாணவி. இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். 2017 ஜூலையில் கனடாவின் கியூபெக்குக்குப் போய்விட்டு, வெர்மான்ட் மாநில எல்லை வழியாகக் காரில் திரும்பினார்கள். கூட வந்த 11 வயது மகளுக்குக் காய்ச்சல். கணவரின் போன் பூட்டாமல் இருந்ததால் முதலில் அது போனது. பிறகு மனைவியின் போனுக்குப் பாஸ்வேர்டு கேட்டார்கள். “அதில் நானும் மகள்களும் தலையில் துணி இல்லாமல் இருக்கும் படங்கள் இருக்கின்றன, ஆண்கள் பார்க்கக் கூடாது” என்றார் அவர். பெண் அதிகாரி வர 2 மணி நேரம் ஆகும் என்று பதில் வந்தது. சுமார் 6 மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மகளின் நிலையைப் பார்த்து, போன்களை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஏறத்தாழ 15 நாள் கழித்துப் போன்கள் வந்தன. மகளின் பட்டமளிப்பு வீடியோவைக் கணவர் வாட்ஸ்அப்பில் திறந்தால், அந்தக் கோப்பு போனில் இல்லை என்று திரை சொன்னது. இதெல்லாம் அவர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில் இருக்கிறது.

மொத்தம் 11 பேர் சேர்ந்து போட்ட வழக்கு அது. பத்துப் பேர் குடிமக்கள், ஒருவர் கிரீன் கார்டுக்காரர். அவர்களில் ஒருவர் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகப் பொறியாளர். சிலியிலிருந்து திரும்பும்போது ஹூஸ்டனில் அவர் கையிலிருந்தது அலுவலகம் கொடுத்த போன். 2019-ல் பாஸ்டன் மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் பெரிய அளவில் நின்றது, இரண்டு வகைச் சோதனைக்கும் நியாயமான சந்தேகம் வேண்டும் என்றது. 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே இல்லை.

அதனால் இன்றைய நிலவரம் விசித்திரமானது. சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினால் ஒரு சட்டம், அட்லாண்டாவில் இறங்கினால் இன்னொன்று. மேற்குக் கரை மாநிலங்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம், போனைக் கருவி வைத்துக் குடைய சந்தேகம் வேண்டும் என்கிறது. அட்லாண்டாவில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றமோ, அதற்கும் தேவையில்லை என்று 2018-ல் சொல்லிவிட்டது. நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் நடந்த ஒரு சோதனை பற்றி 2024-ல் புரூக்ளின் நீதிபதி ஒருவர், வாரன்ட்டே வேண்டும் என்றார். அவர் சொல் மற்ற நீதிபதிகளைக் கட்டாது. டிக்கெட் விலை பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கிறோம். உரிமையும் அதோடு மாறுகிறது.

அதிகாரிகள் தரப்பில் நியாயமே இல்லையென்று சொல்ல மாட்டேன். மேற்குக் கரை நீதிமன்றத்தின் அந்தத் தீர்ப்புக்குக் காரணமான வழக்கில், அரிசோனா எல்லையில் பிடித்த லேப்டாப்பில் இருந்தவை குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்கள். அப்படிப்பட்டவனைப் பிடிக்க வேண்டாமென்று யார் சொல்வார்கள்? என் சிக்கல் வேறு. சுங்கச் சோதனையின் தர்க்கம், சரக்கு இந்த வாசல் வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்பதில் நிற்கிறது. தங்கத்துக்கும் போதைப்பொருளுக்கும் அது சரி. ஒரு கோப்பை எல்லை தாண்டிக் கடத்த நினைப்பவன் மெயிலில் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு விமானம் ஏறுவான். பெரும்பாலும் மாட்டுவது, மறைக்க எதுவும் இல்லையென்று நம்பி, பத்து வருட வாழ்க்கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருகிறவர்.

எண்ணிக்கையைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். 2024 நிதியாண்டில் சோதிக்கப்பட்ட கருவிகள் 47,047. வந்துபோன பயணிகளில் 0.01 சதவீதத்துக்கும் குறைவு. அவற்றிலும் பெரும்பகுதி கையால் தள்ளிப் பார்த்ததுதான். ஆனால் 2015-ல் இது 8,503 ஆக இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எத்தனை பேர் என்பதைவிட, மறுத்தால் என்ன ஆகும் என்பதுதான் பெரிய விஷயம். குடிமகனுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வாய் இருக்கிறது. போன் பறிபோகலாம், மணிக்கணக்கில் உட்கார வைப்பார்கள், ஆனால் அவரை நாட்டுக்குள் விடாமலிருக்க முடியாது. விசாவோடு வரிசையில் நிற்கும் மாணவருக்கு அந்த வாய் இல்லை. மறுத்தால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பலாம், விசாவையும் ரத்து செய்யலாம். வீட்டை அடமானம் வைத்துக் கல்விக் கடன் வாங்கியவர் அந்தக் கவுன்டரில் எதை மறுப்பார்? அவர் கொடுக்கும் பாஸ்வேர்டைச் சம்மதம் என்று கணக்கு எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

2025 மார்ச்சில் பாஸ்டன் விமான நிலையத்தில் நடந்தது இது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த லெபனான் நாட்டுச் சிறுநீரக மருத்துவர், எச்-1பி விசாவோடு ஊரிலிருந்து திரும்பினார். ஹிஸ்புல்லா தலைவர் நஸ்ரல்லா, ஈரானின் கமேனி ஆகியோரின் படங்கள் போனில் இருந்தன. எங்கே? அழித்தவை போய்ச் சேரும் ஃபோல்டரில். குடும்ப, நண்பர் வாட்ஸ்அப் குழுக்களில் வந்தவை என்று அவர் விளக்கியதாகச் செய்திகள் சொல்லின. நஸ்ரல்லாவின் இறுதி ஊர்வலத்துக்குப் போனதையும் அவர் ஒப்புக்கொண்டதாக அரசு சொன்னது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் அரசியலைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைக்கலாம். அந்த ஃபோல்டரை மட்டும் மறந்துவிடாதீர்கள். நம் குடும்பக் குழுவில் பெரியப்பா காலையில் ‘வணக்கம்’ படமும் மாலையில் கலவர வீடியோவும் அனுப்புகிறார். நாம் பார்க்கிறோமோ இல்லையோ, அது தானாகவே கேலரியில் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது.

அமெரிக்கா மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். நியூசிலாந்தில் 2018 அக்டோபரிலிருந்து, சந்தேகத்தின் பேரில் அதிகாரி கேட்டும் பாஸ்வேர்டு தராதவருக்கு 5,000 நியூசிலாந்து டாலர் வரை அபராதம். பிரிட்டனில் ‘கேஜ்’ என்ற உரிமை அமைப்பின் இயக்குநர் முகம்மது ரப்பானி ஹீத்ரோவில் பாஸ்வேர்டு தர மறுத்தார். 2017-ல் அதற்காகவே பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டார். சீனா ஒருபடி மேலே போனது. கிர்கிஸ்தானிலிருந்து ஷின்ஜியாங்குக்குள் நுழையும் இர்கேஷ்தாம் எல்லையில், சுற்றுலாப் பயணிகளின் ஆண்ட்ராய்டு போனில் ஓர் ஆப்பையே ஏற்றினார்கள். கான்டாக்ட், குறுஞ்செய்தி, அழைப்புப் பட்டியல் எல்லாவற்றையும் அது உறிஞ்சியது. 73,000-க்கும் மேற்பட்ட கோப்புகள் கொண்ட பட்டியலோடு போனை ஒப்பிட்டது. தீவிரவாதப் பிரசுரங்களோடு தலாய் லாமா படங்களும், அரபு அகராதியும், ‘அன்ஹோலி கிரேவ்’ என்ற ஜப்பானிய மெட்டல் இசைக்குழுவின் பாட்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. வேலை முடிந்ததும் ஆப்பை அழித்துவிட வேண்டும். சில போன்களில் மறந்துவிட்டார்கள். 2019-ல் பத்திரிகையாளர்கள் கையில் சிக்கியது அதனால்தான்.

நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை, சோதனை இப்போது விமான நிலையத்துக்கு முன்பே, சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கத்திலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்திலேயே தொடங்கிவிடுகிறது. 5 வருட சமூக ஊடகக் கணக்குப் பெயர்களை விசா படிவம் 2019-லிருந்தே கேட்கிறது. 2025 ஜூனில் மாணவர் விசா கேட்பவர்கள் கணக்குகளைப் ‘பப்ளிக்’ ஆக்கி வைக்க வேண்டும் என்றார்கள். டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 காரர்களும் இதில் சேர்ந்தார்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில், செய்யக் கூடாதது. கிளம்புகிற அன்று போனைத் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். நேற்று வாங்கியது போல் காலியாக இருக்கும் போனே கேள்வியைக் கிளப்பும். அதிகாரியிடம் பொய் சொன்னால் அது தனிக் குற்றம். அதைவிட, தேவையில்லாததைப் பல வாரம் முன்பே இறக்கி வையுங்கள். பழைய படங்களை வீட்டு ஹார்டு டிஸ்க்கில் போட்டுவிட்டு, அழித்தவை தங்கும் ஃபோல்டரையும் காலி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் ‘மீடியா விசிபிலிட்டி’, ஆட்டோ டவுன்லோடு இரண்டையும் அணையுங்கள். அலுவலக லேப்டாப் என்றால், கேட்டால் என்ன செய்வது என்று கம்பெனியிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று: வரிசைக்கு வருமுன் போனை முழுதாக ஸ்விட்ச் ஆஃப் செய்யுங்கள். திரையைப் பூட்டுவது வேறு, அணைப்பது வேறு. ஒருமுறை திறந்த போனில் என்க்ரிப்ஷன் சாவிகள் மெமரியிலேயே இருக்கும். திரை பூட்டியிருந்தாலும், போனைக் குடையும் செலபிரைட் மாதிரியான கருவிகளுக்கு அது வசதி. அணைத்துப் போட்ட போனில் சாவி மெமரியில் இல்லை, பாஸ்வேர்டு போட்டால்தான் பிறக்கும். முகத்தைக் காட்டியோ விரலை வைத்தோ அதைத் திறக்கவும் முடியாது.

போனை வாங்கி வைத்துக்கொண்டால் 6051டி என்ற எண்ணுள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பாஸ்வேர்டு கொடுத்திருந்தால், வெளியே வந்ததும் மெயிலில் தொடங்கி எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

அடுத்த வாரம் நம் ஊருக்கு வருவோம். 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும் 2025-ம் ஆண்டு வருமான வரிச் சட்டம், சோதனைக்கு வரும் அதிகாரி உங்கள் மெயிலின் பாஸ்வேர்டைத் தாண்டி உள்ளே போகவும் வழி செய்கிறது. அதற்கு பாஸ்போர்ட்டெல்லாம் தேவையில்லை.

(தொடரும்)