சின்னத்திரையில் பெண்: வார்ப்பும் வாழ்வும்

'ஸ்டீரியோடைப்' என்ற ஆங்கிலச் சொல் சமூகவியல், இலக்கியத் திறனாய்வு, ஊடகவியல் ஆகிய துறைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. உண்மையில் இது அச்சுக்கூடத்திலிருந்து வந்த சொல். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்து அமைத்த ஒரு பக்கத்தை அப்படியே படியெடுத்து, ஒரே உலோகத் தகடாக வார்த்துவிடுவார்கள். அந்தத் தகட்டைக் கொண்டு அதே பக்கத்தை எத்தனையோ ஆயிரம் தடவை அச்சிடலாம். ஆனால், இடையில் ஒரு வரியை மாற்ற நினைத்தால் அது எளிதான காரியமன்று. 1922 இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன், பொதுசன அபிப்பிராயம் பற்றி எழுதிய தமது நூலில் இச்சொல்லை மனித மனத்துக்குப் பொருத்தினார். மனிதரை நேரில் அறியுமுன்னரே அவர்களைப் பற்றி நாம் மனதில் வார்த்து வைத்துக்கொள்ளும் படத்தை அவர் அவ்வாறு குறிப்பிட்டார். தமிழில் 'வார்ப்பு' என்று சொன்னால் பொருள் விளங்கும்.

தொலைக்காட்சித் தொடர் நாடகங்கள் பெண்களை எவ்வாறு இத்தகைய வார்ப்புகளுக்குள் அடைக்கின்றன, அவற்றை உடைக்க எடுக்கப்பட்ட முயற்சிகள் யாவை என்பன பற்றி இவ்வாரம் நேயர்களுடன் சில கருத்துக்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வானொலி தந்த வடிவம்

தொடர் நாடகம் தொலைக்காட்சியின் கண்டுபிடிப்பன்று. அது வானொலியில் பிறந்தது. 1930 இல் சிக்காகோ வானொலி நிலையமொன்றுக்காக ஏர்னா பிலிப்ஸ் என்ற பெண் எழுதிய நாடகமே இவ்வகையில் முதலாவது என்பர். பகற்பொழுதில் வீட்டிலிருந்த பெண்களே அதன் நேயர்கள். அவர்களுக்குச் சவர்க்காரம் விற்க விரும்பிய கம்பனிகள் இத்தகைய நாடகங்களுக்குப் பணம் கொடுத்தன. இதனால் 'சோப் ஒப்பரா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தப் பிறப்பு வரலாற்றை நாம் மனங்கொள்ள வேண்டும். விளம்பரதாரருக்கு வேண்டியவள் வீட்டுக்குப் பொருள் வாங்கும் பெண். எனவே கதையும் வீட்டுக்குள்ளேயே நின்றது. அதேவேளை, பெண்களின் பேச்சையும் கவலையையும் உறவுச் சிக்கல்களையும் நடுநாயகமாக வைத்த வெகுசன வடிவம் இது என்பதையும் மறுக்க முடியாது. 'பெண்கள் பார்த்து அழும் நாடகம்' என்று இதனை ஏளனம் செய்து ஒதுக்குவோரை நான் ஆதரிப்பதில்லை. அந்த ஏளனத்துக்குள்ளும் ஒரு வார்ப்பு ஒளிந்திருக்கிறது.

பகவந்தி தரும் பாடம்

இந்தியாவின் தூரதர்ஷன் 1984 ஜூலை முதல் 1985 டிசெம்பர் வரை 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடரை ஒளிபரப்பியது. எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி. நடுத்தர வர்க்கத்தின் கீழ்த்தட்டிலுள்ள ஒரு குடும்பத்தின் கதை. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் நடிகர் அசோக்குமார் தோன்றி, நடந்தவற்றைப் பற்றி இரண்டொரு வார்த்தை பேசுவார். மெக்சிக்கோவில் மிகேல் சபிதோ என்பவர் 1970களில் வகுத்த ஒரு முறையைத் தழுவி இத்தொடர் தயாரிக்கப்பட்டது. பின்பற்றத்தக்கவர், பின்பற்றத்தகாதவர், இரண்டுக்கும் நடுவில் நின்று மாறுபவர் எனப் பாத்திரங்களை அமைத்து, கதையின் வழியே சமூகக் கருத்துக்களைச் சொல்வது அம்முறை.

இக்குடும்பத்தின் தாய் பகவந்தி. குடிகாரக் கணவனின் ஏச்சையும் மாமியின் அதிகாரத்தையும் வாய்திறவாமல் தாங்குபவள். பெண் இப்படி அடங்கியிருந்தால் வரும் துன்பம் இதுதான் என்று காட்டவே அவள் படைக்கப்பட்டாள். அதாவது, அவள் ஓர் எச்சரிக்கை. ஆனால் நடந்தது வேறு. அர்விந்த் சிங்கால், எவரெட் ரொஜர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் பின்னர் பார்வையாளர்களிடம் விசாரித்தபோது, அவர்களிற் பலர் பகவந்தியை இலட்சியத் தாயாகக் கொண்டாடியது தெரியவந்தது. பெண்களிலும் பலர் அவளையே முன்மாதிரியாகக் கொண்டனர்.

எச்சரிக்கையாக வைக்கப்பட்ட பாத்திரம் ஏன் இலட்சியமாயிற்று? எழுத்தாளரின் நோக்கத்தைவிட வார்ப்பு பழையது, வலியது என்பதே எனது விடை. பொறுமையே பெண்ணுக்கு அணி என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தவர்கள், திரையில் பொறுமையைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். துன்பத்தை உருக்கமாகக் காட்டினால் அதுவே துன்பத்துக்குப் புகழாரமாகிவிடும் ஆபத்து உண்டு. பெண்களுக்கு நல்லது செய்ய விரும்பும் எழுத்தாளரும் நெறியாளரும் இதனை அவதானிக்க வேண்டும்.

வாசலைத் தாண்டியவர்கள்

அதே தூரதர்ஷனில் 1985 இல் பாசு சட்டர்ஜி 'ரஜனி' என்ற தொடரை நெறிப்படுத்தினார். ரஜனியும் ஓர் இல்லத்தரசிதான். ஆனால் சமையல் எரிவாயுச் சிலிண்டர் ஒழுங்காக வரவில்லையென்றால் முறைப்பாடு செய்ய நேரே புறப்பட்டுவிடுவாள். நடித்தவர் பிரியா டெண்டுல்கர். மராத்தி நாடகாசிரியர் விஜய் டெண்டுல்கரின் மகள். வீட்டுப் பெண் என்ற வார்ப்பை விட்டுவிடாமலே, அவளை ஊர் அலுவலில் தலையிடும் பிரஜையாக இத்தொடர் காட்டியது.

இன்னொருவர் கவிதா சௌத்ரி. 1980களில் 'சர்ப்' சலவைத் தூள் விளம்பரத்தில் லலிதாஜி என்ற சிக்கனமான குடும்பப் பெண்ணாக வந்து இந்தியா முழுவதும் அறிமுகமானவர். விளம்பர உலகம் அவருக்குத் தந்தது ஒரு வார்ப்பு. அவரோ 1989 இல் 'உடான்' என்ற தொடரைத் தாமே எழுதி, தாமே நெறிப்படுத்தி, பொலிஸ் அதிகாரியாகும் கல்யாணி என்ற பாத்திரத்தில் தாமே நடித்தார். கதைக்கு மூலம் அவரது சொந்தச் சகோதரி காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்க்கை. இந்தியப் பொலிஸ் சேவையில் சேர்ந்த இரண்டாவது பெண் அவர். 2004 இல் உத்தராஞ்சல் மாநிலத்தில், இந்தியாவின் முதலாவது பெண் பொலிஸ் தலைமை அதிகாரியாகவும் பதவியேற்றார். பெண்ணொருத்தியின் கையில் பேனாவும் நெறியாள்கையும் வந்தபோது, வெகுதூரம் தேடாமல், தனது வீட்டிலேயே கதாநாயகியைக் கண்டெடுத்தார் என்பதை இங்கு குறிப்பிட வேண்டும்.

மீண்டும் வீட்டுக்குள்

1990களில் தனியார் அலைவரிசைகள் பெருகின. தமிழகத்தில் சன் தொலைக்காட்சி 1993 இல் தொடங்கியது. வாரத்துக்கொரு முறை வந்த தொடர், வாரத்தில் ஐந்து நாளும் வரலாயிற்று. 2000 ஜூலையில் தொடங்கிய 'கியூங்கி சாஸ் பீ கபீ பகூ தீ' என்ற இந்தித் தொடர் 2008 வரை 1800 அத்தியாயங்களைத் தாண்டி ஓடியது. மாமியும் ஒருகாலத்தில் மருமகள்தானே என்பது அதன் தலைப்பின் பொருள். தலைப்பில் இருந்த நியாயம் அதன் வழிவந்த தொடர்கள் பலவற்றின் கதையில் இருக்கவில்லை. அவற்றில் பெண் ஒன்றில் எல்லாவற்றையும் பொறுக்கும் மருமகள், அல்லது எந்நேரமும் சூழ்ச்சி செய்யும் சதிகாரி. மூன்றாவது இடம் கிடைப்பது அரிது.

தமிழிலும் இதே காலத்தில் சில தொடர்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன. 1999 இல் ராதிகா நடித்துத் தயாரித்த 'சித்தி', கொடுமைக்காரச் சித்தி என்ற பழைய வார்ப்பைத் தலைகீழாக்கியது. அது பாராட்டத்தக்கது. ஆயினும் கொடுமைக்காரியின் இடத்தில் தியாகியை அமர்த்தியது இன்னொரு வார்ப்பேயன்றி விடுதலையன்று. திருமுருகன் நெறிப்படுத்திய 'மெட்டி ஒலி' (2002 - 2005) ஐந்து பெண் பிள்ளைகளைப் பெற்ற தந்தையின் கதை. கலியாணத்தின் பின்னர் அப்பெண்கள் புகுந்த வீடுகளிற் படும் பாட்டை மிக இயல்பான பேச்சுமொழியில் காட்டியது. 2003 இல் தொடங்கிய 'கோலங்கள்' கட்டட நிர்மாணத் தொழிலில் முன்னேறும் அபி என்ற பெண்ணை முன்வைத்தது. இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், தொழில் செய்யும் கதாநாயகியின் தொழிலைவிட அவளுடைய கண்ணீரே இத்தகைய தொடர்களில் அதிக நேரம் காட்டப்படுகிறது.

இதற்குத் தயாரிப்பு முறையும் ஒரு காரணம். தினமும் ஒரு அத்தியாயம் வேண்டும். வெளியிடங்களுக்குச் சென்று படம்பிடிக்கப் பணமும் நேரமும் போதா. எனவே ஒரே வீடு, ஒரே கூடம், ஒரே படிக்கட்டு. ஒருவர் ஒரு சொல்லைச் சொன்னால், சுற்றி நிற்கும் ஒவ்வொருவர் முகத்தையும் கமெரா தனித்தனியே நெருங்கிக் காட்டும். அதற்குள் பல விநாடிகள் போய்விடும். வேலை செய்வதைக் காட்டச் செலவாகும். அழுவதைக் காட்ட ஒரு முகம் போதும்.

தாங்குவதும் தாண்டுவதும்

'வாழ்க்கையில் நடப்பதைத்தானே காட்டுகிறார்கள்?' என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். பெண்கள் துன்புறுவது உண்மை. அதைக் காட்டுவதில் தவறில்லை. துன்பத்துக்குப் பின்னர் அவள் என்ன செய்கிறாள் என்பதே கேள்வி.

ஜப்பானிய எழுத்தாளர் சுகாகோ ஹஷிதா எழுதிய 'ஒஷின்' என்ற தொடரை இங்கு எடுத்துக்காட்டலாம். 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை 297 அத்தியாயங்களாக ஜப்பானில் ஒளிபரப்பான தொடர் இது. எமது ரூபவாஹினியிலும் காட்டப்பட்டு, பெரிதும் விரும்பிப் பார்க்கப்பட்டது. ஏழைக் குத்தகை விவசாயியின் மகளான ஒஷின், அரிசிக்கு ஈடாக ஏழு வயதிலேயே பிள்ளை பார்க்கும் வேலைக்கு அனுப்பப்படுகிறாள். பின்னர் புகுந்த வீட்டில் மாமியின் கொடுமைக்கும் ஆளாகிறாள். துன்பத்தில் அவள் பகவந்திக்குச் சற்றும் குறைந்தவளல்லள். ஆனால் அவள் குழந்தையுடன் அந்த வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். தலைமுடி அலங்காரம் செய்கிறாள், மீன் விற்கிறாள், கடை வைக்கிறாள். முதுமையில் பல கிளைகள் கொண்ட வர்த்தக நிலையத்தின் சொந்தக்காரியாக நிற்கிறாள். ஒவ்வொரு தொழிலையும் அவள் எப்படிக் கற்றாள், எப்படிச் செய்தாள் என்பதைக் கமெரா பொறுமையாகக் காட்டுகிறது.

ஈரானிலும் இத்தொடர் பிரபலமாயிற்று. 1989 இல் அந்நாட்டு வானொலியில் ஒரு பெண், தமக்கு முன்மாதிரி ஒஷினே என்று கூறியது பெருஞ்சர்ச்சையாகி, அதை ஒலிபரப்பியோர் தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் மன்னிக்கப்பட்டனர். பெண்கள் யாரை முன்மாதிரியாகக் கொள்கிறார்கள் என்பது பொழுதுபோக்குச் சமாசாரம் மட்டுமன்று என்பதற்கு இது சான்று.

எமது நாட்டிலும் இதனால் விளைவு உண்டு. 2005 இல் இலங்கையில் வீட்டு வன்முறையைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. கணவனாலோ வீட்டாராலோ துன்புறுத்தப்படும் பெண், நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். இந்தியாவிலும் இத்தகைய சட்டம் அதே ஆண்டில் நிறைவேறியது. ஆனால் தொடர்களில் அடிவாங்கும் கதாநாயகி நாடுவது பெரும்பாலும் கோயிலைத்தான். நீதிமன்றப் படியை அவள் ஏறுவது அபூர்வம். நாள்தோறும் அதைப் பார்க்கும் பெண், உதவி கேட்பது குடும்பத்துக்கு இழுக்கு என்று எண்ணினால், அந்த எண்ணத்துக்கு சின்னத்திரையும் பொறுப்பேற்க வேண்டும்.

காட்டப்படாதவர்கள்

வார்ப்புக்கு இன்னொரு முகம் உண்டு. அது, சிலரைக் காட்டாமலே விடுவது. அமெரிக்கச் சமூகவியலாளர் கே ரக்மன் 1978 இல் இதனைக் 'குறியீட்டு முறையில் இல்லாதொழித்தல்' என்ற கருத்தால் விளக்கினார். கதைகளில் மட்டுமன்றிச் செய்திகளிலும் இது நிகழ்கிறது. 1995 இல் உலகின் 71 நாடுகளில் ஒரே நாளில் வெளியான செய்திகளை ஆராய்ந்தபோது, செய்திகளில் இடம்பெற்றோரிற் பெண்கள் 17 வீதமே. அவ்வாண்டு செப்டெம்பரில் பெய்ஜிங் நகரில் நடந்த உலகப் பெண்கள் மாநாடு ஊடகத்தையும் தனது பன்னிரண்டு அக்கறைத் துறைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. கால் நூற்றாண்டின் பின்னர், 2020 இல், அத்தொகை 25 வீதமாகவே உயர்ந்திருந்தது.

எமது நாட்டை எடுத்துக்கொள்வோம். தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள். 1978 இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது முதல் ஆடைத் தொழிற்சாலைகளில் இரவு பகலாகத் தைப்பவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். மத்திய கிழக்கில் பணிப்பெண்களாக உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்புபவர்கள் பெண்கள். 2009 இல் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ குடும்பங்களைத் தனியே தாங்கி நிற்பவர்கள் பெண்கள். நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித்தரும் இப்பெண்களிற் பலர் மாலையில் களைத்து வந்து பார்ப்பது, பட்டுச் சேலையுடனும் நகையுடனும் உறங்கி எழும் தமிழகத்து மருமகளின் கதையை.

எமது எழுத்தாளர்கள் இப்பெண்களைக் காணாமல் இருக்கவில்லை. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' என்ற நாவல் தோட்டத்துப் பெண்ணின் வாழ்க்கையை எழுதியது. 1986 இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' என்ற தொகுப்பில் பெண் கவிஞர்கள் தம்மைப் பற்றித் தாமே பேசினார்கள். ஆகவே கதைப் பஞ்சம் என்று எவரும் சொல்ல முடியாது. இவற்றைப் படித்து, சின்னத்திரைக்கு ஏற்ப எழுதவல்லவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, உள்ளூர்த் தமிழ் அலைவரிசைகள் வாய்ப்பளிக்க வேண்டும். பதின்மூன்று வாரத் தொடர் ஒன்றே தொடக்கத்துக்குப் போதும்.

அதுவரை நேயர்கள் ஒன்று செய்யலாம். இன்றிரவு நீங்கள் பார்க்கும் தொடரில் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். கதாநாயகி என்ன வேலை செய்கிறாள், அதனை நாம் கண்ணால் காண்கிறோமா? இரண்டு பெண்கள் சந்தித்தால் கணவனையும் கலியாணத்தையும் விட்டு வேறு எதையாவது பேசுகிறார்களா? அநீதி நேர்ந்தபின் அவள் ஒரு முடிவெடுத்தால், கதை அந்த முடிவை மதிக்கிறதா, அல்லது அடுத்த வாரமே அவளை மன்னிப்புக் கேட்க வைக்கிறதா? உங்களுக்குக் கிடைக்கும் விடைகளை வீட்டிலுள்ள பிள்ளைகளுடனும் பேசிப் பாருங்கள்.