சுழியம் வந்ததும் வேலை போன குறிகள்

பைத்தான்ல '௨௦௫'ங்கிற ஸ்ட்ரிங்கை முழு எண்ணா மாத்தச் சொல்லுங்க. 205 என்று சரியாத் தரும். அதே எண்ணைப் பழைய தமிழ் முறையில் '௨௱௫' என்று கொடுங்க. எரர்!

பைத்தான் மேல தப்பில்லை. ௱ என்பது இலக்கமே இல்லை, நூறுக்கான குறி. பத்துக்கு ௰, ஆயிரத்துக்கு ௲. இரண்டு, நூறு, ஐந்து என்று வாயால் சொல்வதை அப்படியே எழுதும் முறை அது. படிக்கச் சுலபம். ஆனா ௨௱௫-ஐயும் ௩௰௪-ஐயும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டிப் பாருங்க, எதுக்கு நேரா எது வரும்? 1825-ல் அச்சான 'கணித தீபிகை' தமிழ் எண்களோடு சுழியத்தைச் சேர்த்தது. ஒரு வட்டம் வந்ததும் மூன்று குறிகளுக்கும் வேலை போச்சு.

பின்னங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கீழவாஞ்சூரைச் சுத்தி வயல் வச்சிருக்கிறவங்க 'ரெண்டு மா' என்பாங்களே, 20 மா ஒரு வேலி. எண்ணிலும் மா என்றால் 1/20 தான். அதில் கால் பங்கு காணி, 1/80. காணியில் கால் பங்கு முந்திரி, 1/320. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. காலை மாவால் பெருக்கினா காணி என்று எந்தக் குறியும் காட்டிக் கொடுக்காது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்தவனுக்குத்தான் தெரியும். 0.25 × 0.05-க்கு அந்த மனப்பாடம் வேண்டாம்.

ஆனாலும் அதற்குள்ளேயே ஒரு அருமையான யோசனை இருந்தது. முந்திரிக்கும் கீழே போகணும்னா புதுக் குறி உருவாக்கவில்லை. 'கீழ்' என்று முன்னால் சேர்த்தாங்க. (நம்ம ஊர்ப் பேரில் இருக்கும் 'கீழ' கிழக்கு, இது அடி.) கீழ் சேர்ந்தா எதுவும் 320-ல் ஒரு பங்காகிவிடும். கீழரை 1/640, கீழ்முந்திரி 1/1,02,400. இருக்கிற குறிகளையே அடுத்த படியில் திரும்பப் பயன்படுத்துவது, என் கணக்கில், பாதி இடமதிப்பு.

இன்னொரு சிக்கல், எழுத்தும் எண்ணும் ஒரே உருவம். எட்டு 'அ' மாதிரி, கால் 'வ' மாதிரி. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடலில் 'எட்டேகால்' என்பது 'அவ' ஆகி, அவலட்சணம் என்ற திட்டு கிடைத்தது இதனால்தான். திட்டுறதுக்கு வசதி, அல்ஜீப்ராவுக்கு ஆகாது: 'அ' மாறியா, எட்டா?

யூனிகோடில் தமிழ்ச் சுழியம் 2005-ல் சேர்ந்தது, பின்னக் குறிகள் 2019-ல். இப்போ முந்திரியையும் டைப் செய்யலாம், ஃபான்ட் இருந்தா.