காலில் வலி, காரணம் முதுகில்

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டுகளைத் தரையிலிருந்து குனிந்து தூக்கியபோது இடுப்பில் 'சுரீர்' என்றது. அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளில் இடுப்பு வலி குறைந்தது. பதிலாக இடது புட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்புறம், கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்வதுபோல் ஒரு வலி இறங்கியது. இருமினாலும் தும்மினாலும் கூடியது. காலில்தானே வலி என்று காலுக்குத் தைலம் தேய்த்தேன். சுளுக்கு என்று சொல்லி ஒருவர் காலை இழுத்துவிட்டார். அன்றிரவு உறக்கமே இல்லை.

வலி காலில் இருந்தாலும் கோளாறு முதுகில்தான். கீழ் முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இடையே மெத்தைபோல ஒரு வட்டு. அதைத்தான் 'டிஸ்க்' அல்லது 'ஜவ்வு' என்கிறோம். வெளியே உறுதியான வளையம், உள்ளே கூழ் போன்ற பொருள். கொழுக்கட்டையின் ஒரு பக்கத்தை அழுத்தினால் பூரணம் மறுபக்கம் பிதுங்குமல்லவா? குனிந்து எடை தூக்கும்போது வட்டின் முன்பக்கம் நசுங்க, உள்ளிருப்பது பின்பக்கம் தள்ளப்படுகிறது. அங்கேதான் காலுக்குச் செல்லும் நரம்பு வேர்கள் இருக்கின்றன. அவை சேர்ந்து உருவாகும் சயாட்டிக் நரம்பே நம் உடலின் மிகத் தடித்த நரம்பு. வேரில் அழுத்தமும் அழற்சியும் ஏற்பட்டால் அந்த நரம்பு போகும் வழி முழுவதும் வலிக்கிறது. இதுவே சயாட்டிகா. எல்லோருக்கும் வட்டுதான் காரணம் என்பதில்லை. நடந்தால் கால் மரத்து, உட்கார்ந்தால் சரியாகிறது என்றால், வயதாகும்போது தண்டுவடக் குழாய் குறுகுவது காரணமாக இருக்கலாம்.

நான் செய்த அடுத்த தவறு, விடுமுறை முழுவதும் படுத்தே கிடந்து, அதன்மேல் மருத்துவ விடுப்பும் எடுத்தது. பிறகுதான் அரசு மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கினார். பாதி உயரம் போகுமுன்பே கத்திவிட்டேன். குதிகாலாலும் முன்பாதத்தாலும் நடக்கச் சொன்னார். நடந்தேன். "ஸ்கேன் இப்போது வேண்டாம். நடங்கள்" என்றார். எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. ஆனால் வலியே இல்லாத 40 வயதுக்காரர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஸ்கேனில் வட்டுப் பிதுக்கம் தெரியும். பிதுங்கிய பகுதியை உடலே மெல்லக் கரைத்துவிடுவதும் உண்டு. பெரும்பாலோர் 6 முதல் 12 வாரங்களில் அறுவை சிகிச்சை இல்லாமலே தேறிவிடுகிறார்கள். ஓரிரு நாளுக்கு மேல் படுத்திருந்தால் தசை தளர்ந்து குணமாவது தாமதமாகும்.

முதலில் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை நடந்தேன். இயன்முறை மருத்துவர் சொன்ன ஒன்று எனக்கு மிகவும் உதவியது. பயிற்சி செய்யும்போது வலி பாதத்தை விட்டுத் தொடைக்கும் புட்டத்துக்கும் ஏறி வந்தால், இடுப்பில் சற்றுக் கூடினாலும்கூட, அது நல்ல அறிகுறி. வலி கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்து எல்லோரும் ஒரே ஆசனத்தைச் செய்வது ஏன் ஆபத்து என்பது அப்போதுதான் புரிந்தது. வலி மாத்திரையும் அப்படியே. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கடையில் தாமாக வாங்கி விழுங்கினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

நம் வேலை முறையிலும் சில மாற்றங்கள் தேவை. எண்ணும் எழுத்தும் வகுப்பில் குழந்தைகளோடு தரையில் அமர்கிறோம். வலி உள்ளவர் தாழ்வான முக்காலியில் அமரலாம். தலைமையாசிரியர்கள் இதை மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். கரும்பலகையின் அடிப்பகுதியில் எழுத முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கலாம். விடைத்தாளை மடியில் வைத்துத் திருத்தாமல் மேசையில் வைத்து, அரை மணிக்கொரு முறை எழுந்து நாலடி நடக்கலாம். ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை வைத்தால் இரவு சற்று எளிதாகக் கழியும்.

சில அறிகுறிகள் இருந்தால் காத்திருக்கவே கூடாது. சிறுநீர் வராமல் நிற்பது அல்லது போவதே தெரியாமலிருப்பது, மலம் கட்டுப்படாமை, உட்காரும் இடமும் பிறப்புறுப்புப் பகுதியும் மரத்துப்போவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது: இவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். பள்ளியில் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கியே பழகிப்போன ஆசிரியைகள் இந்த மாற்றத்தைக் கவனிக்கத் தவறலாம். கவனித்தாலும் சொல்லக் கூச்சப்படலாம். மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியதே அதுதான். பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலும், வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ இருந்தாலும் உடனே காட்டுங்கள்.

எனக்கு ஒன்பதாவது வாரத்தில் வலி கெண்டைக்காலை விட்டுப் போயிற்று. சுண்டுவிரல் ஓரம் மட்டும் இன்னும் லேசாக மரத்திருக்கிறது. இந்த முறை விடைத்தாள் கட்டுகளை இரண்டிரண்டாகப் பிரித்து, நான்கு நடையாக எடுத்து வந்தேன்.