கரண்ட் வைக்கப் பயந்து மார்பை எடுக்கணுமா?

போன எபிசோட்ல பயாப்ஸி ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறதுன்னு பார்த்தோம். சரி, மார்பகப் புற்றுநோய்னு உறுதியாயிடுச்சு. நம்ம காரைக்கால் பக்கம் வீட்டுல முதல்ல வர்ற பேச்சு, "முழுசா எடுத்துடலாம், தொல்லை விட்டுச்சு". இதுக்குள்ள ரெண்டு நம்பிக்கை இருக்கு. ஒண்ணு, முழுசா எடுத்தாதான் உயிருக்குப் பாதுகாப்பு. ரெண்டு, கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சுக்கு, வெளியூர் அலைய வேண்டாம்.

முதல் நம்பிக்கையை அமெரிக்க சர்ஜன் பெர்னார்ட் ஃபிஷர் 1976-லயே சோதிக்க ஆரம்பிச்சார். 4 சென்டிமீட்டர் வரைக்கும் கட்டி இருந்த பெண்கள், மூணு குழு: முழு மார்பையும் எடுத்தவங்க, கட்டியை மட்டும் எடுத்தவங்க, கட்டியை எடுத்துட்டு கரண்டும் வெச்சவங்க. 20 வருஷக் கணக்கு 2002-ல வந்தது. உயிரோட இருந்தவங்க விகிதத்துல மூணு குழுவுக்கும் வித்தியாசம் இல்ல. ஆனா அதே மார்புல நோய் திரும்பினது கரண்ட் வைக்காதவங்கள்ல 39 சதவீதம், வெச்சவங்கள்ல 14 சதவீதம். அதனாலதான் மார்பைக் காப்பாத்துற ஆபரேஷன்னா பெரும்பாலும் கூடவே கரண்டும் வரும்.

இங்கதான் நம்ம ஊர்ப் பிரச்சினை. கோரிமேடு ஜிப்மர் இங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர். சீர்காழி, சிதம்பரம், கடலூர்னு தாண்டிப் போகணும். பழைய முறையில 25 நாள் கரண்ட். தினம் போய் வந்தா 6,500 கிலோமீட்டர்! யார் சம்மதிப்பாங்க? ஆனா பிரிட்டன்ல நடந்த ஸ்டார்ட் ஆய்வுகளுக்கு அப்புறம் 15 நாள், 3 வாரம்ங்கிறது வழக்கமாயிடுச்சு. 2020-ல வெளிவந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு, அதே பலனை 5 நாள்லயே காட்டுச்சு. ஒரு வாரம் அங்கயே தங்கினா முடிஞ்சது. எல்லாருக்கும் பொருந்தாது, டாக்டர்தான் சொல்லணும். ஆனா கேட்காம விட்டுடாதீங்க.

இன்னொண்ணு, பலருக்குத் தெரியாதது. மார்பை முழுசா எடுத்தாலும், கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல இருந்தாலோ, அக்குள்ல 4 அல்லது அதுக்கு மேற்பட்ட நெறிகட்டிகள்ல நோய் பரவியிருந்தாலோ, கரண்ட் வைக்கச் சொல்லுவாங்க. அலைச்சலுக்குப் பயந்து மார்பையும் கொடுத்துட்டு, கடைசியில அலையவும் வேண்டியதாயிடும்.

ஆபரேஷன்தான் முதல்ல நடக்கணும்னும் இல்ல. பெரிய கட்டிக்கு முதல்ல மருந்தும் கரண்டும், அப்புறம் ஆபரேஷன்ங்கிற முறையை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் பல வருஷமா செஞ்சுட்டு வருது. ஹெர்2 பாசிட்டிவ், ட்ரிப்பிள் நெகட்டிவ் வகைகள்லயும் கட்டி ஓரளவு பெருசா இருந்தா கீமோவை முன்னாடியே கொடுப்பாங்க. கட்டி சுருங்கினா மார்பைக் காப்பாத்த வாய்ப்பு கூடும். ஹார்மோன் பாசிட்டிவ்னா டமாக்சிஃபன் மாதிரி மாத்திரை, குறைஞ்சது 5 வருஷம். அதுக்குப் பஸ் ஏற வேண்டாம், ஆனா நல்லாயிட்டோம்னு நடுவுல நிறுத்தவும் கூடாது. எங்க புரோகிராமிங் பாஷைல சொன்னா இது ஒரு நீளமான இஃப்-எல்ஸ். ஈஆர், பிஆர், ஹெர்2 ரிப்போர்ட் வராம எந்தக் கிளைன்னே தெரியாது.

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட மூணே கேள்வி: கட்டியை மட்டும் எடுக்க முடியுமா? எப்படியும் கரண்ட் வைக்கணுமா, எத்தனை நாள்? மருந்து முன்னாடியா, பின்னாடியா? கூட வர்றவங்க ஒரு நோட்டுல பதிலை எழுதிக்கோங்க. தங்குற செலவு, காப்பீடு பத்தி அடுத்த எபிசோட்ல பேசுவோம்.